மஞ்சள் கடுதாசி – 9: படகு யாருடையது?

திவால் மனு போட்ட பிறகும் தொழிலையும் சொத்தையும் கடனாளியே தன் கையில் வைத்துக்கொண்டு கடனைச் சீர்செய்ய அமெரிக்கச் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம் இடம் கொடுக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இருப்பதை இருக்கிறது என்று கடனாளி சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் அந்தச் சலுகைக்கு அடிப்படை. அவர் மறைக்கிறார் என்று நீதிமன்றம் சந்தேகப்பட்டால், சாவி வேறு கைக்குப் போகும். சாவியை வாங்கிக்கொள்ளும் அந்த மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அவர் பெயர் டிரஸ்டி.

2022 பிப்ரவரி 15 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் திவால் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. மனுதாரர் ஹோ வான் குவாக். சீனாவில் அவரை குவோ வெங்குய் என்றும், அமெரிக்காவில் மைல்ஸ் குவோ என்றும் அறிவார்கள். கடன் பத்துக் கோடி டாலருக்கு மேல் என்று மனு சொன்னது. சொத்து ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு என்றும் அதே மனு சொன்னது.

குவோ ஷான்டாங் மாகாணத்துக்காரர். பெய்ஜிங்கில் ஒலிம்பிக் பூங்காவுக்குப் பக்கத்தில் பாங்கு பிளாசா என்ற மாபெரும் கட்டட வளாகத்தை எழுப்பிப் பெரும் பணக்காரர் ஆனவர். சீனாவை விட்டு வெளியேறி நியூயார்க்கில் குடியேறினார். சீன ஆட்சியாளர்களை எதிர்த்து இணையத்தில் ஓயாமல் பேசினார். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சீனர்களில் ஆயிரக்கணக்கானோர் அவரைத் தலைவராகவே ஏற்றுக்கொண்டார்கள். மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்தபடி நிற்கும் ஷெர்ரி-நெதர்லாண்ட் கட்டடத்தில் ஒரு தளம் முழுவதும் அவர் குடியிருப்பு. 2015இல் அதன் விலை 6.75 கோடி டாலர். கடலில் மிதக்க 'லேடி மே' என்ற சுமார் 150 அடி நீளச் சொகுசுப் படகு. டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானனை வேறொரு வழக்கில் 2020 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கைதுசெய்தது இந்தப் படகில் வைத்துத்தான்.

காகிதத்தில் பார்த்தால் இவை எதுவும் குவோவின் பெயரில் இல்லை. குடியிருப்பு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான இன்னொரு நிறுவனம். படகு, மகளின் பெயரில் உள்ள நிறுவனத்துக்குச் சொந்தம். அன்றாடச் செலவை ஏற்றுக்கொண்டது மகனின் பெயரில் இருந்த குடும்ப அலுவலகம். தன்னிடம் எதுவும் இல்லை, தன்னைக் குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்பதே குவோவின் நிலைப்பாடு. நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. பினாமி என்றால் போதும்.

அவரை மனு போட வைத்தது ஒரு பழைய கடன். பசிபிக் அலையன்ஸ் என்ற ஆசிய முதலீட்டு நிதி அவருடைய நிறுவனம் ஒன்றுக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்தக் கடனுக்கு அவரே சொந்த உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தார். கடன் திரும்பவில்லை. வட்டியோடு சுமார் 11.6 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குள் படகு அமெரிக்கக் கடல் எல்லையைத் தாண்டியிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், தவறினால் நாளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் என்றார் நீதிபதி பாரி ஆஸ்ட்ரேஜர். படகு வரவில்லை. 268 நாள் கழிந்தது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் படகு குவோவின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, 13.4 கோடி டாலர் அபராதத்தை 2022 பிப்ரவரி 9 அன்று நீதிபதி விதித்தார். ஆறாவது நாள் திவால் மனு வந்தது.

பல கடனாளிகள் எதிர்பார்ப்பதைத்தான் அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். மனு போட்ட நிமிடத்திலிருந்து வசூல் நடவடிக்கைகள் எல்லாம் நின்றுவிடும். கடன் கொடுத்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதே சட்டத்தின் 1104ஆம் பிரிவு, மோசடி, நேர்மையின்மை, படுமோசமான நிர்வாகம் போன்ற காரணங்கள் இருந்தால் கடனாளியை விலக்கிவிட்டு ஒரு டிரஸ்டியை நியமிக்கலாம் என்கிறது. நீதிபதி ஜூலி மானிங் அந்தப் பிரிவை எடுத்தார். 2022 ஜூலையில் லூக் டெஸ்பின்ஸ் என்ற நியூயார்க் வழக்கறிஞர் டிரஸ்டியாகப் பொறுப்பேற்றார்.

டிரஸ்டி என்றதும் ஒரு துப்பறிவாளரைக் கற்பனை செய்துகொள்வது இயல்பு. அவர் தேடுகிறார், உண்மைதான். ஆனால் அவருடைய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவர் கடனாளியின் இடத்திலேயே போய் நிற்கிறார். கடனாளியிடம் இருந்த பங்கு, அந்தப் பங்குக்குரிய ஓட்டு, இயக்குநரை நீக்கும் அதிகாரம், பழைய கணக்குப் புத்தகங்களைக் கேட்கும் உரிமை எல்லாம் அவருக்கு வந்துவிடுகின்றன. வர்ஜின் தீவு நிறுவனத்தின் கதவை அவர் வெளியே நின்று தட்ட வேண்டியதில்லை. அதன் பங்குதாரராகவே உள்ளே நுழையலாம். வங்கியையும் கணக்காளரையும் கூண்டில் ஏற்றாமலேயே, சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம். வழக்கறிஞரிடம் பேசியது ரகசியம் என்ற கடைசித் திரைகூட ஒரு நிறுவனத்தின் விஷயத்தில் விலகிவிடும். நிறுவனம் திவாலானால் அந்த ரகசியத்தைக் காப்பதா, வெளியிடுவதா என்று முடிவுசெய்யும் உரிமை பழைய நிர்வாகத்திடம் இல்லை, டிரஸ்டியிடம்தான் இருக்கிறது என்று 1985இல் வெயின்ட்ராப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறைப்பதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்த கடிதங்களைப் படிக்கும் உரிமை இதனால் கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிக்குக் கிடைக்கிறது. திவால் சட்டத்திலேயே மிக நியாயமான விதி இதுதான் என்பது என் எண்ணம்.

பிறகு கேள்விகள் தொடங்கும். படகுக் கேப்டனுக்குச் சம்பளம் போட்டது யார்? டீசல் பில்லும் காப்பீட்டுத் தவணையும் எந்தக் கணக்கிலிருந்து போயின? எந்தத் துறைமுகத்துக்குப் போவது என்று யார் சொன்னால் மாலுமிகள் நங்கூரத்தை எடுத்தார்கள்? பெரிய அறையில் படுத்து உறங்கியது யார்? பத்திரத்தில் இருக்கும் பெயரை இந்தக் கேள்விகள் கண்டுகொள்வதே இல்லை. அனுபவித்தது யார், ஆட்டுவித்தது யார் என்று மட்டும் பார்க்கின்றன.

இந்தப் பார்வைக்கு வயது நானூறு ஆண்டுக்கு மேல். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பியர்ஸ் என்று ஒருவர் இருந்தார். ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டும் இன்னொருவருக்கு 200 பவுண்டும் கடன் பட்டிருந்தார். இரண்டாமவர் வழக்குப் போட்டதும், தன்னிடம் இருந்த 300 பவுண்டு மதிப்புள்ள ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் ட்வைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தாரே தவிர, ஒன்றும் இடம் மாறவில்லை. ஆடுகள் அவர் பட்டியிலேயே கிடந்தன. ரோமம் கத்தரித்தது அவர்தான், ஆட்டின் மேல் அடையாளக் குறி போட்டதும் அவர்தான். தீர்ப்பை நிறைவேற்றப் போன அதிகாரியை ட்வைனின் ஆட்கள் தடுத்தார்கள். 1601இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் இதை மோசடி என்றது. இருப்பதை எல்லாம் கொடுத்தது, கொடுத்தவர் கையிலேயே பொருள் இருந்தது, ரகசியமாக நடந்தது, வழக்கு நிலுவையில் இருந்தபோது நடந்தது என்று மோசடியின் அடையாளங்களை அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. மறைக்க நினைத்தேன் என்று எந்தக் கடனாளியும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே சூழ்நிலையே சாட்சி சொல்லட்டும் என்ற அந்த முறைதான் இன்றைய டிரஸ்டிகளின் ஆயுதம். இந்தியச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவும் இதே பரம்பரையில் வந்ததே.

டெஸ்பின்ஸ் ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியே போராட வேண்டியிருந்தது. லேடி மே கனெக்டிகட்டுக்குத் திரும்பி வந்தது. மகளின் பெயரில் இருந்த நிறுவனம் உண்மையில் குவோவினுடையதே என்று நீதிபதி மானிங் தீர்ப்பளிக்க, படகு கடன்காரர்களுக்கான சொத்தில் சேர்ந்தது. கிரீன்விச் ஊரில் மனைவி பெயரிலான நிறுவனத்தின் வீடும் அதே வழியில் வந்து சேர்ந்தது. காகிதத்தில் ஒரு நாளில் மாற்றிவிட்ட பெயரை நீதிமன்றத்தில் உரிக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. மறைப்பவருக்குச் செலவு குறைவு, மீட்பவருக்கு அதிகம்.

செலவு என்றேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். டிரஸ்டியின் ஊதியமும் அவருடைய வழக்கறிஞர்களின் கட்டணமும் மீட்ட சொத்திலிருந்துதான் வருகின்றன, அதுவும் சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால். ஆண்டுகள் நீள நீள, தங்களுக்கு மிச்சம் இருக்குமா என்று கடன் கொடுத்தவர்கள் கவலைப்படுவது நியாயம். பணம் யார் யாருக்குப் போனதோ அவர்கள் மீதெல்லாம் வழக்குத் தொடர டிரஸ்டிக்குப் பொதுவாக இரண்டே ஆண்டு. அந்தக் கெடு நெருங்கிய 2024 பிப்ரவரியில் டெஸ்பின்ஸ் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தொடர்ந்தார். இப்படிப்பட்ட வலையில் நல்லெண்ணத்தோடு பொருள் விற்றுப் பணம் வாங்கியவர்களும் சிக்குவார்கள். சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க அவர்களும் வழக்கறிஞர் வைக்க வேண்டும். இந்தக் குறைகளை மறைத்துவிட்டு டிரஸ்டி முறையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனாலும் அவர் இல்லாத நிலையை எண்ணிப் பாருங்கள். தனித்தனியாக ஒவ்வொரு கடன்காரரும் ஒவ்வொரு தீவுக்கும் ஓடித் தோற்றிருப்பார்கள்.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்தியது வேறு. 2022 நவம்பரில் குவோவின் ஆதரவாளர்கள் டிரஸ்டியின் வீட்டு வாசலில் கூடினார்கள். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் கையாள் என்று அவர்மேல் பழி சுமத்தினார்கள். அவர் குடும்பத்தினரையும், பசிபிக் அலையன்ஸின் வழக்கறிஞர்களையும் விடவில்லை. 2023 ஜனவரியில் நீதிபதி தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. கணக்குக் கேட்க வந்தவரை எதிரியாகச் சித்திரிப்பது எல்லா நாட்டு மோசடிக்காரர்களுக்கும் கைவந்த கலை. குவோவின் ஆதரவாளர்களில் பலர், தங்கள் சேமிப்பையே குவோவின் திட்டங்களில் போட்டிருந்தவர்கள் என்பதை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

2023 மார்ச் 15 அன்று குவோ கைதானார். அன்றே ஷெர்ரி-நெதர்லாண்ட் குடியிருப்பில் தீப்பிடித்தது. ஆதரவாளர்களிடம் 100 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றினார் என்றது அரசுத் தரப்பு. 21 வங்கிக் கணக்குகளிலிருந்து சுமார் 63.4 கோடி டாலரை ஏற்கெனவே கைப்பற்றியிருந்தது. நியூஜெர்சியின் மாவா ஊரில் 2.6 கோடி டாலருக்கு வாங்கிய மாளிகையும் ஆதரவாளர்களின் பணம் என்றது. 2024 ஜூலை 16 அன்று, 12 குற்றச்சாட்டுகளில் 9இல் அவர் குற்றவாளி என்று ஜூரி முடிவுசெய்தது. இதில் ஒரு சிக்கல் பிறந்தது. பறிமுதல் செய்து ஏமாந்தவர்களுக்குக் கொடுக்க அரசு கேட்ட மாவா மாளிகையையே, கடன் கொடுத்தவர்களுக்காக டிரஸ்டியும் கேட்டார். இரண்டு தரப்புமே இழந்தவர்கள்தான். யாருக்கு முன்னுரிமை என்பதற்கு மனம் ஒப்பும் பதில் எந்தச் சட்டத்திலும் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தனிநபர் திவாலானால், சென்னை நகர எல்லைக்குள் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி அஃபிஷியல் அசைனி சொத்தைக் கையில் எடுப்பார். மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அஃபிஷியல் ரிசீவர். நிறுவனங்களுக்கு 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. அதில் இந்த வேலையைச் செய்பவர் ரெசல்யூஷன் புரொஃபஷனல். வேண்டியவருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்த பணம், அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட சொத்து, கடன்காரர்களை ஏமாற்றவே செய்த பரிமாற்றம் இவற்றை எல்லாம் ரத்துசெய்யக் கோரி அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கில் அப்படித்தான் நடந்தது. தாய் நிறுவனத்தின் கடனுக்காக அடமானம் வைத்திருந்த சுமார் 758 ஏக்கர் நிலத்தைத் தீர்ப்பாயம் விடுவித்தது செல்லும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பந்தப்பட்ட நிறுவனம் அது.

ஆனால் ரெசல்யூஷன் புரொஃபஷனலுக்கு நாம் கொடுத்திருக்கும் காலம் மிகக் குறைவு. 330 நாளுக்குள் நிறுவனத்தை நடத்தவும் வேண்டும், வாங்க ஆள் தேடவும் வேண்டும், நடுவே பழைய கணக்கைத் தோண்டவும் வேண்டும். அவரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று ஓட்டுப் போடுவது கடன் கொடுத்த வங்கிகளின் குழு. வங்கிகளுக்கு வாங்குபவர் சீக்கிரம் வந்தால் போதும். நிறுவனம் கைமாறியதும் பழைய மோசடி மனுக்களும் காலாவதியாகிவிடும் என்றுகூட ஒரு கட்டத்தில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். 2023 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனுக்கள் தொடரலாம் என்றது நல்ல திருப்பம். தோண்டுவதற்கென்று தனி ஆளும் தனி நிதியும் வேண்டும், அவரை வங்கிகள் நீக்க முடியாதபடி தீர்ப்பாயமே நியமிக்க வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்துவது.

அதுவரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. உங்கள் பணம் சிக்கிய நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனால், ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் பொது அறிவிப்பு வரும். உரிமைகோரலைக் கொடுக்க அதில் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 14 நாள். படிவத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த முதலாளியின் தோட்டத்து வீடு யார் பெயரில் இருக்கிறது, குடோன் எப்போது மைத்துனர் பெயருக்கு மாறியது, லாரிகள் எந்தப் புதுக் கம்பெனியின் பலகையோடு ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரிந்ததை, தேதியோடு, ஆதாரத்தோடு, கையெழுத்துப் போட்டு அந்த ரெசல்யூஷன் புரொஃபஷனலுக்கு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)