மின்காரை முடக்கிப் போடும் சின்ன பேட்டரி

மின்காரில் பேட்டரி இரண்டு உண்டு. தரைக்கு அடியில் பரந்து கிடக்கும் பெரிய பேட்டரிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரும்பாலான கார்களில் அது 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். ஹூண்டாய் அயோனிக் 5, கியா இவி6 போன்றவற்றில் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. வாங்குபவர் விசாரிப்பதும் விற்பவர் பேசுவதும் அதைப் பற்றித்தான். இன்னொன்று, பானெட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் துணை பேட்டரி. பல கார்களில் இது பெட்ரோல் வண்டியில் இருக்கும் அதே லெட்-ஆசிட் ரகம்தான். இது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் அசையாது. சில மாடல்களில் கதவே திறக்காது.

அவ்வளவு பெரிய பேட்டரி இருக்க, இந்தச் சின்னது எதற்கு என்று கேட்கத் தோன்றும். காரணம் பாதுகாப்பு. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் உடலுக்கு ஆபத்து என்று வாகன விதிகள் வரையறுக்கின்றன. அதனால் கார் ஓடாத நேரத்தில் பெரிய பேட்டரி மற்ற பாகங்களிலிருந்து முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்கும். துண்டிப்பதும் இணைப்பதும் கான்டாக்டர் எனப்படும் கனமான ரிலேக்களின் வேலை. விபத்து நேர்ந்தால் அவை உடனே விலகி, உயர் மின்னழுத்தம் பெட்டிக்கு வெளியே வராமல் தடுக்கும். அந்த நேரத்திலும் ஏர்பேக், கதவுப் பூட்டு, அபாய விளக்கு எல்லாம் வேலை செய்தாக வேண்டும். அவற்றுக்குத் தனியாக ஒரு மின்சாரம் வேண்டும் அல்லவா? அதைத் தருவதுதான் துணை பேட்டரி.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் நடப்பதைக் கவனித்தால் இது தெளிவாகும். முதலில் காரின் கணினிகள் 12 வோல்ட் மின்சாரத்தில் விழித்துக்கொள்கின்றன. பெரிய பேட்டரியின் நிலை, மின்கசிவு இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு நொடிக்குள் சோதிக்கப்படும். பிறகு கான்டாக்டர்கள் மூடிக்கொள்ளும். காது கொடுத்தால் கீழிருந்து ‘டக், டக்’ என்ற சத்தம் கேட்கும். அதன் பின்தான் திரையில் ‘ரெடி’ என்று வரும். 12 வோல்ட் இல்லையென்றால் இதில் முதல் படியே தொடங்காது. சார்ஜிங்கும் அப்படியே. சார்ஜரின் கேபிளைச் செருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கேபிள் செருகப்பட்டிருப்பதை உணர்ந்து, சார்ஜரோடு பேசி, கான்டாக்டரை மூடவும் அதே 12 வோல்ட்தான் வேண்டும். துணை பேட்டரி அடியோடு இறங்கிய பல கார்களில், சார்ஜரில் செருகி வைப்பதால் பயனில்லை.

பெட்ரோல் காரில் இந்த பேட்டரியை நிரப்புவது ஆல்டர்நேட்டர். மின்காரில் டிசி-டிசி கன்வெர்ட்டர் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை 14 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் துணை பேட்டரிக்கு அனுப்பும். கார் ‘ரெடி’ நிலையில் இருக்கும்போதும், சார்ஜ் ஏறும்போதும் இது இயங்கும். வண்டியை நிறுத்திப் பூட்டியபின் கான்டாக்டர்கள் விலகிவிடுவதால் அதுவும் நின்றுவிடும். புதிய மாடல்கள் பல, நின்றுகொண்டிருக்கும்போதே அவ்வப்போது விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்குக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கின்றன. எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை.

பூட்டிய கார் முழுதாகத் தூங்குவதுமில்லை. சாவியின் சிக்னலுக்காக ஒரு பாகமும், மொபைல் செயலிக்குப் பதில் சொல்ல இன்னொன்றுமாகக் காத்திருக்கின்றன. இப்படி 50 மில்லி ஆம்பியர் போவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி கரையும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக 19 நாள் ஆகும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்கிற டேஷ்கேம் ஒன்றைப் பொருத்தி, அது 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்கே மாறிவிடும்: நாளைக்கு 6 ஆம்பியர்-மணி, நான்கே நாளில் பாதி காலி. ‘சார்ஜ் எவ்வளவு இருக்கிறது?’ என்று மணிக்கொரு தரம் செயலியைத் திறந்து பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் காரை எழுப்பிச் சின்ன பேட்டரியைத்தான் செலவழிக்கிறது.

இதோடு வெயிலும் சேர்கிறது. லெட்-ஆசிட் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வெப்பம் கூடக் கூட உள்ளே அரிப்பும் தன்னிச்சையான மின்னிழப்பும் வேகமெடுக்கும். பாதிக்கும் கீழே இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் தகடுகளின் மேல் லெட் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒருமுறை அடியோடு இறங்கிய பேட்டரி அடிக்கடி இறங்குவது இதனால்தான்.

சில நேரம் குற்றம் பேட்டரியில் இருக்காது, அதை நிரப்பும் கருவியில் இருக்கும். ஐசிசியு என்ற ஒருங்கிணைந்த சார்ஜிங் அமைப்பில் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடக்கூடிய கோளாறு இருந்ததால், ஹூண்டாய் 2024-இல் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. கியாவும் அதே ஆண்டில் 1,138 இவி6 கார்களை இதே காரணத்துக்காக அழைத்தது. புதிய பேட்டரி போட்டும் சில நாளில் மறுபடி இறங்கினால், அடுத்து பார்க்கவேண்டியது கன்வெர்ட்டரை.

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் சில நாள் முன்பே தெரிந்துவிடும். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கும். இன்ஜினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும் என்பதால் குறை அங்கே வெளிப்படும். மின்காரில் செல்ஃபே கிடையாது. கணினிகளை எழுப்பவும் ரிலேவை மூடவும் சிறிதளவு மின்சாரமே போதும். அதனால் நலிந்த பேட்டரியும் மாதக்கணக்கில் சமாளித்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கைவிரித்துவிடும். ஆளுயரத் திரை வைத்து ஆயிரம் விவரம் காட்டும் கார்களில் பலவும் 12 வோல்ட் பேட்டரியின் நிலையை மட்டும் காட்டுவதில்லை. இது தயாரிப்பாளர்களின் அலட்சியம் என்றே சொல்லவேண்டும்.

அறிகுறிகள் அடியோடு இல்லாமலும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் திரையில் வருவது, சாவி பக்கத்திலேயே இருந்தும் ‘சாவி இல்லை’ என்பது, சார்ஜ் தொடங்கித் தொடங்கி நிற்பது ஆகியவை சந்தேகத்துக்கு இடம் தருபவை. நம்பகமான வழி ஒரு சாதாரண மல்டிமீட்டர். காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். ‘ரெடி’ நிலையில் அளக்கும்போது 13.5-க்குக் குறையாமல் வந்தால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் நலம்.

இறங்கிய பின் முதல் சிக்கல் உள்ளே போவது. ரிமோட் சாவிக்குள் பெரும்பாலும் ஒரு சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதற்கான துளை ஓட்டுநர் கதவின் கைப்பிடியிலோ அதன் மூடிக்குள்ளோ இருக்கும். டெஸ்லா மாடல் 3-இல் சாவித்துளையே இல்லை. முன்பம்பரில் கயிறு மாட்டும் இடத்தின் மூடிக்குள் இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால்தான் முன்மூடி திறக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட் முறை பெட்ரோல் காருக்கு உள்ளதுதான். சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், அடுத்து உதவும் பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டவேண்டும். கறுப்பை உதவும் பேட்டரியின் நெகட்டிவிலும், கடைசியாக மின்காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் மாட்டவேண்டும். சில நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் ‘ரெடி’ வரும். வந்ததும் கன்வெர்ட்டர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். கேபிளைத் தலைகீழ் வரிசையில் கழற்றலாம். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரே இதற்குப் போதும். துருவம் மாறினால் மட்டும் கன்வெர்ட்டரே புகைந்துவிடலாம். அதன் விலை பேட்டரியைப்போல் பல மடங்கு. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் போகிறவை. அவற்றின் பக்கம் கையே போகக்கூடாது.

வண்டி உயிர் பெற்றதும் உடனே அணைத்துவிடக்கூடாது. ஒரு மணி நேரமாவது ஓட்டவேண்டும், அல்லது சார்ஜரில் போடவேண்டும். அடியோடு இறங்கியதற்கு அதுவும் முழுதாகப் போதாது. இரவு முழுக்கத் தனி பேட்டரி சார்ஜரில் ஏற்றுவதே சரி. மின்காரைக் கொண்டு இன்னொரு பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்கலாமா என்றால், பெரும்பாலான கையேடுகள் கூடாது என்கின்றன. செல்ஃப் கேட்கும் மின்சாரத்தைத் தரும்படி இந்த பேட்டரியும் கன்வெர்ட்டரும் வடிவமைக்கப்படவில்லை.

எதுவும் பலிக்காமல் டோ வண்டியை அழைத்தால், முழு வண்டியையும் மேலேற்றும் ஃப்ளாட்பெட் வேண்டும் என்று சொல்லவேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கோளாறு உண்டாக்கும். 12 வோல்ட் இல்லாமல் மின்பார்க்கிங் பிரேக்கும் விடுபடாது.

மாற்றும்போது அதே ரகம், அதே அளவு பேட்டரியே போடவேண்டும். ஏஜிஎம் எனப்படும் மேம்பட்ட லெட்-ஆசிட் ரகம் இருந்த இடத்தில் மலிவு விலை சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும். டெஸ்லா 2021-இல் மாடல் எஸ்ஸில் தொடங்கிச் சிறிய லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டது. அத்தகையவற்றை லெட்-ஆசிட் சார்ஜரில் மாட்டக்கூடாது. மூன்று ஆண்டு கடந்த லெட்-ஆசிட் பேட்டரியை ஒவ்வொரு சர்வீஸிலும் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.

இப்போது சில கார்களில் உரிமையாளர் கையேடு அச்சில் வருவதில்லை, காரின் திரையில்தான் இருக்கிறது. துணை பேட்டரி இறங்கினால் அந்தத் திரையும் எரியாது. சாவித்துளை எங்கே, பானெட் எப்படித் திறக்கும், ஜம்ப் கொடுக்கும் முனை எது என்று சொல்லும் பக்கங்களைப் படம் எடுத்து மொபைலில் இப்போதே வைத்துக்கொள்வது நல்லது.