ஐந்நூறும் இருநூறும் எவ்வளவு?

சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸில் இப்போது பைத்தான்தான் பாடம். என் மகள் நம் சங்கச் சந்தாவைக் கூட்ட ஒரு சிறு புரோகிராம் எழுதினாள். 500, 200 என்று கொடுத்தால் 500200 என்று வந்தது! "எனக்கு இது வராதுப்பா, வேறு பாடம் எடுத்துக்கொள்கிறேன்" என்று அழாத குறை. வங்கிக் குமாஸ்தாவான எனக்கும் பிடிபடவில்லை.

மாடி வீட்டில் பொறியியல் படிக்கும் பஞ்சாபிப் பையனிடம் அனுப்பினேன். "சரியாக வரவில்லை" என்று மட்டும் சொன்னால் யாருக்குப் புரியும்? எழுதிய வரிகள், கொடுத்த எண்கள், வந்த விடை, வரவேண்டிய விடை எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோனாள். பார்த்ததுமே சொல்லிவிட்டான். நாம் தட்டுவதை 'இன்புட்' எழுத்தாகவே வாங்குமாம்; எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதை 'இன்ட்' என்பதன் அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் எண்ணாகும்.

போட்டாள், 700 வந்தது. பாடம் மாற்றும் பேச்சு அதன்பிறகு வீட்டில் எழவில்லை.