விதி ஓலையில், வழி சைக்கிளில்

காதலியைத் தேடி 1977இல் தில்லியிலிருந்து ஸ்வீடனுக்குச் சைக்கிளில் கிளம்பிய ஒரிஸா ஓவியரின் கதை பலருக்கும் தெரியும். அந்தக் கதைக்குள் ஒரு தாயின் சொல்லும், வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுவனும் இருப்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

டிசம்பர் 17, 1975. தில்லியின் கன்னாட் பிளேஸ். நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டு இன்னும் ஆறு மாதம்கூட முடியவில்லை. அங்கே ஓவியப் பலகையும் பென்சிலுமாக அமர்ந்திருக்கிறார் ஓர் இளைஞர். பத்து நிமிடம், பத்து ரூபாய் - முகத்தை அப்படியே வரைந்து கொடுத்துவிடுவார். கை பிசகாது என்று பெயர் வாங்கியவர். பிரதமர் இந்திரா காந்தியையும் சோவியத் விண்வெளி வீராங்கனை வாலண்டினா தெரஷ்கோவாவையும் வரைந்தவர்.

அன்று மட்டும் கை பிசகியது. எதிரே அமர்ந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் தாளில் சரியாக வரவில்லை. அவருக்கும் படம் பிடிக்கவில்லை. மறுநாள் வந்தார். அப்போதும் அதே கதை. ஓவியரின் கவனம் முகத்தில் இல்லை. சிறு வயதில் கேட்ட ஒரு ஜோதிடம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் துணிந்து கேட்டுவிட்டார்: நீங்கள் ரிஷப ராசியா? ஏதாவது இசைக்கருவி வாசிப்பீர்களா? உங்களுக்குச் சொந்தமாகக் காடு இருக்கிறதா?

போலீசில் புகார் செய்துவிடுவாரோ என்று பயந்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றைய தில்லியில் அது நியாயமான பயம்தான். ஆனால் மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த பதில், ஆமாம். ரிஷப ராசி. புல்லாங்குழல் வாசிப்பவர். குடும்பத்துக்கு ஸ்வீடனில் சொந்தக் காடு உண்டு.

இளைஞரின் பெயர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா. நண்பர்களுக்கு பி.கே. அந்தப் பெண் சார்லோட் வான் ஷெட்வின், சுருக்கமாக லோத்தா. லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர். நண்பர்களுடன் வேன் ஒன்றில் தரை மார்க்கமாகவே 22 நாள் பயணம் செய்து இந்தியா வந்தவர். இது பலரும் கவனிக்காமல் விடும் விவரம். இந்தக் கதையில் தரை வழியாக முதலில் கண்டம் தாண்டியது காதலன் அல்ல, காதலி.

வெளியே ஓர் இடம்

பி.கே. பிறந்தது ஒரிஸாவில் (இன்றைய ஒடிசா), மகாநதிக் கரையோரக் காடுகளை ஒட்டிய ஆத்மல்லிக் பகுதியில். இன்று அது அங்குல் மாவட்டம். அன்று தேன்கனால். குடும்பம் தலித் நெசவாளர் மரபில் வந்தது. தீண்டாமையை ஒழிப்பதாக 17ஆம் பிரிவில் அறிவித்த அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தது. அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சட்டப்படி பார்த்தால் தீண்டாமை என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தான் தீண்டத்தகாதவன் என்பதே அவருக்குத் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் வகுப்பறைக்குள், இவருக்கு இடம் வெளியே. கோயில் பக்கம் போனால் கல் வீசி விரட்டினார்கள். தீண்டாமைக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் 1955இல் வந்தது. டில்லியில் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் காட்டுக் கிராமத்தின் வகுப்பறை வாசல்வரை வந்து சேரவில்லை.

இந்த இடத்தில்தான் ஜோதிடம் வருகிறது. குழந்தை பிறந்ததும் பனையோலையில் பலன் எழுதி வைப்பது அந்த ஊர் வழக்கம். இவன் வண்ணங்களோடு வேலை செய்வான்; இவனுக்குப் பெற்றோர் பார்த்துப் பெண் முடிக்க மாட்டார்கள்; தொலைதூர நாட்டிலிருந்து பெண் தானே வருவாள்; ரிஷப ராசிக்காரி; இசை அறிந்தவள்; காட்டுக்குச் சொந்தக்காரி. இப்படி இருந்தது ஓலை. பள்ளியில் பட்ட அவமானத்தோடு வீடு திரும்பும் மகனுக்குத் தாய் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது இதைத்தான்.

பகுத்தறிவுவாதிகள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு சிறுவனிடம், உனக்கு உள்ளே இடமில்லை என்று தினமும் சொல்கிறது. அதை மறுத்துச் சொல்ல அந்தத் தாயிடம் வேறு என்ன இருந்தது? படிப்பு இல்லை, பணம் இல்லை, பதவி இல்லை. ஓர் ஓலை இருந்தது. உனக்கென்று ஓர் இடம் தூரத்தில் காத்திருக்கிறது என்று அது சொன்னது. ஜோதிடம் பலித்ததா என்பது வேறு விவாதம். பலிப்பதற்கு முன்பே அது ஒரு வேலை செய்துவிட்டது: அந்தச் சிறுவனைத் தலைகுனியாமல் வளர விட்டது.

ஒரிஸாவிலிருந்து தில்லி ஓவியக் கல்லூரிக்கு வந்தும் வறுமை விடவில்லை. பட்டினி கிடந்ததையும், ரயில் நிலையத்தில் படுத்து உறங்கியதையும் அவரே சொல்லியிருக்கிறார். படம் வரைந்து கிடைத்த பத்து ரூபாய்கள்தான் சோறு போட்டன.

புடவை கட்டிய மருமகள்

லோத்தாவும் பி.கே.யும் ஒரிஸாவுக்குப் போனார்கள். கோனார்க்கின் சூரியக் கோயிலைக் கண்டு அவர் நெகிழ்ந்து நின்றார். லண்டனில் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த கல் சக்கரத்தின் படம் இந்தக் கோயிலுடையது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மாமனாரைப் பார்க்கப் புடவை கட்டிக்கொண்டு போனார். எப்படிச் சமாளித்தார் என்று இன்னமும் விளங்கவில்லை என்பது பி.கே.யின் வேடிக்கைப் பேச்சு. தந்தையின் ஆசியுடன், பழங்குடி வழக்கப்படி திருமணம் நடந்தது.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தால்தான் இந்தத் திருமணத்தின் கனம் புரியும். பெயரில் உள்ள 'வான்' காட்டுவதுபோல, வான் ஷெட்வின் ஸ்வீடனின் பிரபுக் குடும்பங்களில் ஒன்று. குலம் பார்த்துச் சம்பந்தம் செய்யும் பழக்கம் இந்தியாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அங்கே மேலே நின்ற குடும்பத்தின் மகள், இங்கே கீழே தள்ளப்பட்ட குடும்பத்தின் மகனைக் கைப்பிடித்தார்.

லோத்தா ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பி.கே. படிப்பை முடிக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனில் பூரோஸ் நகரில் உள்ள வீட்டுக்கு வந்து சேருவேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். ஓராண்டுக்கு மேல் கடிதங்கள்தான் குடும்பம் நடத்தின. விமான டிக்கெட்டுக்குப் பணம் சேருகிற வழியாக இல்லை. கையிலிருந்ததை எல்லாம் விற்றார். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார் - அதுவும் பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். 1977 ஜனவரி 22 அன்று தில்லியிலிருந்து கிளம்பினார்.

பென்சில் சம்பாதித்த சோறு

அப்போது ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் ஹிப்பிகள் வந்துபோகும் தரைப்பாதை ஒன்று இருந்தது. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் என்று நீளும் அந்தப் பாதையில் பழைய பேருந்துகளும் வேன்களும் ஓடின. மலிவு விடுதிகள் இருந்தன. முன்பே போய்வந்தவர்கள் வழி சொன்னார்கள். மேற்கிலிருந்து வாழ்க்கையின் பொருளைத் தேடி கிழக்கே வந்துகொண்டிருந்தவர்களுக்கு எதிர்த் திசையில், தேடுவது எது என்று நன்றாகவே தெரிந்த ஒருவர் சைக்கிள் மிதித்தார்.

நாளொன்றுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி. சைக்கிள் அடிக்கடி பழுதானது. சில இடங்களில் லாரிகள் ஏற்றிக்கொண்டன. சில நாட்கள் சாப்பாடு இல்லை. கைகொடுத்தது பென்சில்தான். வழியில் சந்தித்தவர்களின் முகத்தை வரைந்து கொடுத்தார். சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் சோறு போட்டார்கள், சிலர் படுக்க இடம் தந்தார்கள். மொழி தெரியாத ஊரிலும் தன் முகத்தைத் தாளில் பார்த்தவன் முகம் மலராமல் இருப்பதில்லை. லோத்தாவின் கடிதங்களும் வழியில் வந்து சேர்ந்தன.

அவர் சாலையில் இருந்த நாட்களில் பின்னால் இந்தியாவே மாறிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். 21ஆம் தேதி நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. 24ஆம் தேதி மொரார்ஜி தேசாய் பிரதமரானார். தான் படம் வரைந்து கொடுத்த பிரதமரின் ஆட்சியில் கிளம்பிய மனிதர் ஐரோப்பாவை எட்டியபோது தில்லியில் ஆட்சியே வேறு.

இஸ்தான்புல் வழியாக வியன்னா. அங்கிருந்து ரயிலில் ஸ்வீடனின் கோத்தென்பர்க். தேதி மே 28. புறப்பட்டு 126 நாட்கள்.

எல்லையில் அதிகாரிகள் நம்பத் தயங்கினார்கள். கசங்கிய உடையில் வந்து நிற்கும் இந்தியர், பிரபுக் குடும்பத்துப் பெண்ணைத் தன் மனைவி என்கிறார். லோத்தா வந்த பிறகுதான் கதவு திறந்தது. அவருடைய பெற்றோரின் மனதை வெல்லவும், பழக்கமில்லாத நாட்டின் நடைமுறைகளைக் கற்கவும் காலம் பிடித்தது. ஒவ்வொரு அடியிலும் லோத்தா துணை நின்றதாக பி.கே. சொல்கிறார். பிறகு ஸ்வீடன் சட்டப்படியும் திருமணம் நடந்தது. இரண்டு குழந்தைகள் பிறந்தன. பி.கே. ஓவியராகவும் பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் அங்கே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். பூரோஸ் ஜவுளித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த கூடுதல் பொருத்தம்.

ஓலையில் எழுதாதவை

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜோதிடத்தில் தொடங்கி, சைக்கிளில் ஏறி, காதலில் முடித்துவிடுகிறார்கள். ஸ்வீடன் பத்திரிகையாளர் பெர் ஆண்டர்சன் இதை 2013இல் புத்தகமாக எழுதினார். 2017இல் ஆங்கிலத்தில் வந்ததும் உலகம் முழுவதும் பேசப்பட்டது. விதி சேர்த்து வைத்த ஜோடி என்று எல்லோரும் பூரித்தார்கள்.

ஓலையை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அதில் இருந்தவை சில அடையாளங்கள்தான். முன்பின் தெரியாத பெண்ணிடம் அசட்டுத்தனமாகத் தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்கும் துணிச்சல் அதில் எழுதப்படவில்லை. பசியோடு மறுநாளும் பெடலை மிதிக்கும் பிடிவாதம் எழுதப்படவில்லை. பணமும் இல்லாமல், வரும் தேதியும் தெரியாமல் கடிதத்தில் மட்டுமே இருந்த ஒருவருக்காக ஓர் இளம்பெண் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தாரே, அதுவும் எழுதப்படவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது காரணம் இல்லாமல் அல்ல.

அதிர்ஷ்டமும் இருந்தது. அது ஓலையில் அல்ல, நாட்காட்டியில். அவர் போன அடுத்த ஆண்டே, 1978 ஏப்ரலில், காபூலில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. 1979இல் ஈரானில் புரட்சி. அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்தன. ஹிப்பிகளின் பாதை மூடிக்கொண்டது. இரண்டு மூன்று ஆண்டு தாமதித்திருந்தால் ஓலை என்ன சொன்னாலும் சாலை இருந்திருக்காது.

இன்று அதே கன்னாட் பிளேஸில் படம் வரைந்து பிழைக்கும் ஒரு மாணவர் ஸ்வீடன் போக நினைத்தால் முதலில் விசா வேண்டும். விசாவுக்கு வங்கிக் கணக்கில் போதிய பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பி.கே.யிடம் இருந்தவை ஒரு பழைய சைக்கிளும் பென்சிலும். அந்த விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டியிருக்காது. காதலும் துணிவும் விடாமுயற்சியும் எல்லாக் கதவையும் திறக்கும் என்று சொல்வது மேடைக்கு அழகு. திறக்கக்கூடிய கதவுகளும் இருக்க வேண்டும் என்பது நடைமுறை.

தன்னை வீரனாகக் கொண்டாடுவது பி.கே.க்குப் புரிவதில்லை. ஐரோப்பாவுக்குச் சைக்கிளில் போனதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறார். கையில் காசு இல்லை, மனைவியைப் பார்க்க வேண்டும், அதனால் சைக்கிளில் போனேன். மற்றபடி சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஆசையே கிடையாது என்பது அவர் தரும் விளக்கம்.

2012 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் உள்ள உத்கல் கலாசாரப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. வகுப்பறைக்கு உள்ளே உட்கார அனுமதிக்கப்படாத சிறுவனை, அதே மாநிலத்தின் பல்கலைக்கழகம் அழைத்து மேடையில் உட்கார வைத்தது. ஜோதிடர் ஓலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.