வாய்த்தாரியும் பிளாக் பெல்ட்டும்

மட்டாஞ்சேரியிலும் அதையொட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் மாலை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் களரிப்பயிற்று நடத்திக் காட்டும் அரங்குகள் உண்டு. வாளும் பரிசையும் மோதித் தீப்பொறி பறப்பதையும், உறுமி எனும் வளையும் வாள் சுழல்வதையும் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: இத்தனை வளமான கலை ஏன் உலகமெங்கும் போய்ச் சேரவில்லை? உலகில் மிகப் பரவலாகப் பயிலப்படும் தற்காப்புக் கலை எது என்று கேட்டால், பலரும் கராத்தே என்பார்கள். பயில்பவர்கள் 10 கோடிப் பேர் என்று உலக கராத்தே சம்மேளனமே சொல்கிறது; சொந்தக் கணக்கு என்பதால் அதை அப்படியே ஏற்பதற்கில்லை. எத்தனை நாடுகளில் வேரூன்றியது என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல். ஜூடோவுக்கும் டேக்வாண்டோவுக்கும் 200-க்கு மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒருமுறை இடம்பெற்றது. டேக்வாண்டோ 2000 சிட்னி முதல் தொடர்ந்து பதக்கப் போட்டியாக நீடிக்கிறது. ஜோர்டானின் அஸ்ராக் அகதிகள் முகாமில்கூட அதற்குப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. என் கணிப்பில் முதலிடம் டேக்வாண்டோவுக்குத்தான்.

இந்த மூன்றும் பரவியதற்குக் காரணம் பழமையோ அடியின் வேகமோ இல்லை, கற்பிக்கும் முறைதான். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ ஒரு கல்வியாளர். பழைய ஜுஜுட்சுவில் ஆபத்தான பிடிகளைப் போட்டிப் பயிற்சியிலிருந்து விலக்கி, தேர்ச்சிக்குப் படிநிலைகள் வகுத்தார். ஒகினாவாவில் இடோசு அங்கோ கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். சிறுவர்களுக்கென ஐந்து எளிய பயிற்சி வரிசைகளை அமைத்தார். டேக்வாண்டோவில் பிளாக் பெல்ட்டுக்கு முன் எட்டு வரிசைகள். சியோலில் கற்றாலும் சென்னையில் கற்றாலும் அவை ஒன்றே. ஊர் மாறிப்போகும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

களரியில் பாடம் குருக்களின், அதாவது ஆசானின், வாயில் இருக்கிறது. எண்ணெய் பூசி, கச்சை கட்டி, வலது காலை முன்வைத்து, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய 42 அடி நீள, 21 அடி அகலக் குழிக்குள் மாணவர் இறங்குகிறார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, தென்மேற்கு மூலையிலுள்ள பூத்தறை எனும் வழிபாட்டு மேடையை வணங்குகிறார். பிறகு குருக்கள் வாய்த்தாரி எனும் வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, அந்தத் தாளத்துக்கு உடல் தாழ்ந்து எழுந்து திரும்புகிறது. குருக்களுக்குக் குருக்கள், சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் இது மாறும். கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பரவாததற்கும் இதுவே காரணம்.

வெள்ளைக்காரன் ஆயுதங்களைப் பறித்ததால்தான் களரி நசிந்தது என்று வாதிடுவோர் உண்டு. பழசி ராஜாவின் கிளர்ச்சிக் காலத்தில் அந்த ஒடுக்குமுறை நடந்தது உண்மை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் வாழ்ந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதில் ஆயுதப் பள்ளிக்குப் போவதை எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஏற்பாடு குலைந்தது பேரிழப்பு. ஆனால் கொரியாவும் 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் கிடந்தது. விடுதலைக்குப் பின் பல கூடங்களாகச் சிதறியிருந்தவர்கள் ஒரே பெயரின் கீழ் சேர்ந்தார்கள். ராணுவமும் அரசும் துணை நின்றன. இங்கே 1920-களில் தலச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் சி.வி. நாராயணன் நாயரும் களரியை மீட்டெடுத்தார்கள். மீட்பு நடந்தது; ஒருங்கிணைப்பு நடக்கவில்லை. மற்றக் கலைகள் பரவியதற்குச் சினிமாதான் காரணம் என்பதும் முழு விடையாகாது. 1973-இல் வெளிவந்த 'என்டர் தி டிராகன்' உலகைக் குங்ஃபூ பக்கம் திருப்பியும், ஒலிம்பிக் பதக்கப் போட்டிகளில் இன்று இருக்கும் கிழக்காசியத் தற்காப்புக் கலைகள் ஜூடோவும் டேக்வாண்டோவுமே.

பொதுப் பாடத்திட்டம் வந்தால் உழிச்சில் எனும் எண்ணெய்த் தேய்ப்பும் மர்ம (வர்ம) சிகிச்சையும் காணாமல் போகும், களரி வெறும் புள்ளிக்கணக்கு விளையாட்டாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது: மெய்ப்பயிற்று எனும் தொடக்கநிலை உடற்பயிற்சியை மட்டும் பொதுவாக்கலாம், ஆயுதமும் மர்மமும் அந்தந்த குருக்களின் வசமே இருக்கட்டும். கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் களரி இடம்பெற்றுவிட்டது. வடகரையில் பல தலைமுறைக்குக் கற்றுத்தந்த மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இனி வேண்டியது மாணவர்கள். கொச்சிக்குப் போகிறவர்கள் மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது, காலை வகுப்பு எங்கே நடக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.