எந்த எந்திரத்துக்கு?

டெபியன் லினக்ஸுக்கு ஒரு மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டும்போது ‘இது எந்த எந்திரத்துக்கு?’ என்ற கேள்வி வரும். பதில் மூன்று விதமாக இருக்கலாம். கட்டும் வேலை நடக்கிற எந்திரம் ‘பில்ட்’. கட்டிய பேக்கேஜ் ஓடப்போகிற எந்திரம் ‘ஹோஸ்ட்’. ‘டார்கெட்’ கம்பைலர் கட்டுகிறவர்களின் கவலை. மற்றவர்கள் அதை மறந்துவிடலாம். ஹோஸ்ட் என்றதும் வேலை நடக்கும் எந்திரத்தை நினைத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் வரும் குழப்பம். இன்டெல் மடிக்கணினியில் உட்கார்ந்து ஆர்ம்64 பேக்கேஜ் கட்டினால், மடிக்கணினி பில்ட், ஆர்ம்64 ஹோஸ்ட். பேக்கேஜுக்குள் போகும் எதையும் ஹோஸ்ட்டைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பலர் இந்த விவரங்களைத் தரும் டெபியன் மாறிகளை விட்டுவிட்டு ‘யுநேம்’ கட்டளையைக் கேட்கிறார்கள். அது கெர்னலைப் பற்றித்தான் சொல்லும். ராஸ்பெர்ரி பை 4-இல் 32 பிட் இயங்குதளத்தை நிறுவினாலும் அடியில் 64 பிட் கெர்னல் ஓடலாம். அப்போது யுநேம் ‘ஏஆர்ச்64’ என்று சொல்லும். நிறுவியிருக்கும் பேக்கேஜ்களோ ‘ஆர்ம்எச்எஃப்’. யுநேமை நம்பிக் கட்டினால் வம்புதான். ‘டிபிகேஜி-ஆர்க்கிடெக்சர்’ கருவியைக் கேட்டால் சரியான பதில் வரும்.

அந்தக் கருவியும் ஒரே எந்திரத்துக்குப் பல பெயர் சொல்லும். பழைய 32 பிட் பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் வைத்த பெயர் ‘ஐ386’. கம்பைலர் வட்டாரத்தில் அது ‘ஐ686-லினக்ஸ்-குனு’. லைப்ரரிகள் போய் அமரும் கோப்புறையோ ‘ஐ386-லினக்ஸ்-குனு’. முதல் பெயர் ‘ஆர்ச்’ மாறியில் இருக்கும், அடுத்தது ‘குனு_டைப்’, கோப்புறைக்கு ‘மல்டிஆர்ச்’. ஏஎம்டி64-இல் பின்னிரண்டும் ஒன்றே என்பதால், எதைப் போட்டாலும் கோப்பு சரியான இடத்துக்குப் போய்விடும். ஐ386-இல் குட்டு உடையும்: கோப்பு ஓரிடம், தேடுவது வேறிடம்.

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று: ‘ஏஎம்டி64 அல்லது ஆர்ம்64 என்றால் 64 பிட்’ என்று பட்டியல் போட்டு எழுதுவது. தெரிய வேண்டியது பிட் அளவுதானே? அதற்கென்றே ‘ஆர்ச்_பிட்ஸ்’ மாறி இருக்கிறது. பைட் வரிசைக்கு ‘ஆர்ச்_எண்டியன்’. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் ரிஸ்க்வி64 அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. பட்டியல் போட்டவர்கள் அதில் இன்னொரு பெயரைச் சேர்க்க வேண்டும். பிட்ஸைக் கேட்டவர்களுக்கு அந்த வரியில் வேலை இல்லை.

எழுத்துருவோ ஆவணமோ மட்டும் உள்ள பேக்கேஜ் என்றால் இந்தத் தலைவலி கிடையாது. ஆர்க்கிடெக்சர் என்ற இடத்தில் ‘ஆல்’ என்று எழுதினால் போதும். ஒருமுறை கட்டியது எல்லா எந்திரத்துக்கும் ஆகும்.