ஓசூர் எல்லைக் காடுகளை அறிய உதவும் நூல்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளும் யானைக் காடுகளும் அருகருகே உள்ளன. ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் காடுகள் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா, காவிரிக் காடுகளின் தொடர்ச்சி. இவற்றின் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு காட்டுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரை அடுத்த சானமாவு வரை வருகின்றன. "யானைகள் அட்டகாசம்" என்ற தலைப்பில் செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. அவை ஏன் வருகின்றன என்பதற்கு அச்செய்திகளில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. விடை தேடும் பொது வாசகர், அறிவியல் படிக்காதவராயினும், படிக்கக்கூடிய சில நூல்கள் இங்கே அறிமுகம் செய்யப்படுகின்றன.

கென்னத் ஆண்டர்சன்

இப்பகுதிக் காடுகளை உலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரின் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். விடுமுறை கிடைத்தால் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். (ஷிப்டு முடிந்து வந்து அவரைப் படிக்கும் ஓசூர்த் தொழிலாளிக்கு அந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.) 1954-இல் வெளிவந்த ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ நூலில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியும் கும்மளாபுரம் சிறுத்தையும் இடம்பெறுகின்றன. 1959-இல் வந்த மற்றொரு நூலின் தலைப்பிலேயே தேன்கனிக்கோட்டை வட்டாரத்துச் சிவனப்பள்ளி உள்ளது.

இவற்றை அறிவியல் நூல்களாகக் கொள்ளக் கூடாது. சொல்பவர் துப்பாக்கி ஏந்தியவர். அவர் சொல்வதைச் சரிபார்க்க வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய உலகம் அது. எனினும் காட்டின் ஒலிகள், மாட்டுப்பட்டிகள், வண்டித்தடங்கள், பூசாரி இனத்தைச் சேர்ந்த அவருடைய நண்பர் பைரா ஆகியவற்றைப் பற்றிய பதிவுக்காக அவரைப் படிக்கலாம். தொடங்குவதற்கு ஏற்றவர், அவரோடு நின்றுவிட்டால் புலி என்றாலே ஆட்கொல்லி என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

யானைகள்

யானை ராகிக்கு ஏன் வருகிறது என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் ராமன் சுகுமார். 1980-களில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். அந்த அனுபவங்களைப் பொது வாசகருக்காகச் சொல்லும் நூல் ‘எலிஃபன்ட் டேஸ் அண்ட் நைட்ஸ்’ (1994).

மழைக்காலத்தில் முளைக்கும் புல், முற்றியதும் நார்மிகுந்து சத்துக் குறைகிறது. அதே சமயத்தில் வயலில் நிற்கும் ராகியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் கூடுதலாக உள்ளன. ஆகவே காட்டில் தீனி இருந்தாலும் யானைக்கு வயல் லாபகரமான இடம். அந்த லாபத்துக்காக ஆபத்தை ஏற்பவை பெரும்பாலும் ஆண் யானைகள். நல்ல தீனியால் பெறும் உடற்கட்டு இனப்பெருக்கப் போட்டியில் அவற்றுக்கு உதவுகிறது என்பது சுகுமாரின் விளக்கம். குட்டிகளோடு வரும் பெண் யானைக் கூட்டங்கள் அந்த அளவுக்குத் துணிவதில்லை.

இதைப் படித்த பிறகு, "காட்டில் ஒன்றுமில்லை, அதனால் ஊருக்கு வருகிறது" என்ற ஒற்றை வரி விளக்கம் போதாது என்று தெரியும். ஒரே இரவில் ஆறு மாத உழைப்பை இழக்கும் விவசாயிக்கு எந்தப் புத்தகமும் ஈடாகாது. ஆனால் பட்டாசு வெடித்து விரட்டிய யானை மறுநாளும் ஏன் திரும்புகிறது என்று அவர் கேட்டால், பதில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழில் மட்டும் படிப்பவர்களுக்கு ச. முகமது அலியும் க. யோகானந்தும் எழுதிய ‘யானை: அழியும் பேருயிர்’ உண்டு.

புலியும் சிறுத்தையும்

உல்லாஸ் கரந்த் எழுதிய புலி பற்றிய நூலை சு. தியடோர் பாஸ்கரன் ‘கானுறை வேங்கை’ என்ற பெயரில் தமிழாக்கினார். கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் பழைய முறையை விமர்சித்தவர் கரந்த். எந்த இரு புலிகளின் வரிகளும் ஒன்றுபோல் இரா. தானியங்கிக் கேமராவில் பதியும் படங்களைக் கொண்டு தனித்தனிப் புலிகளை அடையாளம் காணலாம். மீண்டும் மீண்டும் பதிபவை எத்தனை, புதியவை எத்தனை என்ற விகிதத்திலிருந்து, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள்.

சிறுத்தைக்கு அண்மைக்கால நூல் சஞ்சய் குப்பியின் ‘லெப்பர்ட் டயரீஸ்’ (2021). 2016-இல் பெங்களூரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் புகுந்த சிறுத்தை தாக்கிக் காயமடைந்தவர் குப்பி. அவருக்கு அந்த விலங்கின் மீது வெறுப்பில்லை என்பதுதான் வியப்பு. புதர்க்காடு, கற்குன்று, கரும்புத் தோட்டம் எனச் சிறுத்தை வாழும் இடங்கள் யாவும் ஓசூர்க்காரருக்குப் பழக்கமான காட்சிகள்.

கன்னடம் அறிந்தோருக்கு

ஓசூரில் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் பூர்ணசந்திர தேஜஸ்வியை (1938–2007) விடக் கூடாது. ஆண்டர்சனின் கதைகளைக் கன்னட மண்ணின் பேச்சுக்கு மாற்றி எழுதியவர் அவர். பறக்கும் பல்லியைத் தேடிச் செல்லும் ஒரு விஞ்ஞானியின் கதையான ‘கர்வாலோ’ நாவல், அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் நடப்பது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. ஆண்டர்சனை ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குவோர் தேஜஸ்வியிலிருந்தே தொடங்கலாம்.