பங்சர் ஒட்டும் நேரம்

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகக் கிழக்கே போனால் தரங்கம்பாடிக் கடல். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் சுனாமியாகப் பொங்கி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போனது. குத்தாலமும் அப்போது அதே மாவட்டம்தான். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் திறக்கப்பட்டது. சோறு, பாய், பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்தன. ஒரு பிள்ளை வளர அவ்வளவு போதுமா?

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை சொன்னது. காப்பகங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் மூளை மின்பதிவு, எட்டு வயதில் பார்த்தபோது, காப்பகத்தையே அறியாத பிள்ளைகளுடையதைப் போல இருந்தது. ஷிப்டுக்கு ஒருவர் வந்து போகும் காப்பகத்தில், தான் சிரித்தால் திரும்பச் சிரிக்கும் அதே முகம் குழந்தைக்கு நாளையும் கிடைப்பதில்லை.

எல்லாருக்கும் குடும்பம் அமைந்துவிடாது. காப்பகமே வீடாகிவிட்ட பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது, ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வளர்ந்த சமூகக் கல்வியியல் என்ற துறை. டென்மார்க்கில் இது மூன்றரை ஆண்டுப் பட்டப்படிப்பு. பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில்தான் உறவு முளைக்கிறது என்பது இந்தத் துறையின் அனுபவம்.

வாயே திறக்காத ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்காரவைத்து "என்னப்பா பிரச்சினை?" என்றால் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் சைக்கிள் பங்சர். காப்பகத்து அக்கா டயரை நெம்பி டியூபை உருவுகிறார், அவன் காற்றடிக்கிறான். வாளித் தண்ணீரில் முக்கித் திருப்பினால் ஓரிடத்தில் குமிழ். "அக்கா, இங்க இங்க!" உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். இருவர் கண்ணும் டியூபின் மேல்; யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் ஒட்டுவாரு" என்று ஒரு பேச்சு கிளம்புவது அப்போதுதான். அக்காவும் தன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வார். ஆனால் தன் பாரத்தைப் பிள்ளையின் தோளில் இறக்கிவைக்க மாட்டார். அந்த அளவு தெரிவதற்குத்தான் அந்த மூன்றரை ஆண்டுப் படிப்பு.

சுனாமிக்குப் பின் நாகையில் ஆட்சியராக இருந்த ஜெ. இராதாகிருஷ்ணன், மாற்றலாகிப் போன பிறகும் அன்னை சத்யா காப்பகப் பிள்ளைகளோடு தொடர்பை விடவில்லை. 2022-ல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை முன்நின்று நடத்திவைத்தார். என்னைப் பொறுத்தவரை, எந்தக் கட்டடத்தையும்விட இந்த விடாத உறவு பெரிது. ஆனால் இது ஒரு நல்ல மனிதரின் மனத்தோடு நின்றுவிடக் கூடாது. காப்பகத்தின் அன்றாட நடைமுறையாகவே ஆக வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகள், ஒவ்வொரு காப்பகத்திலும் வயதுவாரியாகப் பிள்ளைகள் மட்டுமே கொண்ட குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. அன்றாட நேர ஒழுங்கு, சாப்பாட்டுப் பட்டியல் இரண்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. இதைவிட ஒருபடி மேலே போய், வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய காப்பகத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்தார்கள். கோர்ச்சாக் மீதே வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். நம் காப்பகங்களில் அந்தக் குழு கூடும் நாளில் சமையல் அம்மாவும் இரவுக் காவலரும் உடன் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பழகிய பணியாளரை அடிக்கடி மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.